6–1 எப்படி 4–4 ஆனது: லெகியா – செல்டிக், 2014

2014 ஆகஸ்ட் 6. எடின்பரோ நகரின் மர்ரேஃபீல்ட் மைதானத்தில் கடைசி விசில் ஊதியபோது யாருக்கும் கணக்கில் குழப்பமில்லை. முந்தைய வாரம் வார்சாவில் 4–1, இன்று இங்கே 2–0. இரண்டு ஆட்டமும் சேர்த்து லெகியா வார்சா 6, செல்டிக் 1. சாம்பியன்ஸ் லீக் மூன்றாம் தகுதிச் சுற்றில் போலந்து சாம்பியன், ஸ்காட்லாந்து சாம்பியனைப் புரட்டி எடுத்துவிட்டது. சாக்குச் சொல்லக்கூட இடமில்லாத தோல்வி.

ஆகஸ்ட் 8 அன்று அதே மோதலின் அதிகாரபூர்வக் கணக்கு 4–4. அடுத்த சுற்றுக்குப் போனது செல்டிக். நடுவில் யாரும் பந்தைத் தொடவில்லை.

கால்பந்து பார்க்கிறவர்கள் இந்தக் கதையை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள்: தடையில் இருந்த ஒருவரைக் கடைசி நிமிடங்களில் சப்பாக (மாற்று ஆட்டக்காரராக) இறக்கினார்கள், மாட்டிக்கொண்டார்கள், ஐரோப்பியக் கால்பந்தின் தலைமை அமைப்பான யூஃபா தூக்கி எறிந்தது. சரிதான். ஆனால் அப்படிச் சொன்னால் எல்லாமே அந்தக் கடைசி நிமிடங்களில் நடந்ததுபோல ஆகிவிடுகிறது. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. தவறு ஜூலை மாதமே ஒரு பெயர்ப் பட்டியலில் நடந்து முடிந்துவிட்டது. அந்தத் தவறு லெகியாவின் கதையை முடிக்குமா, கையைக் கடித்துவிட்டு விட்டுவிடுமா என்பது ஜூலை 30 இரவு வார்சாவில் தீர்மானமானது. இந்த இரண்டுக்கும் பிறகு வந்ததுதான் மர்ரேஃபீல்ட்.

ஜூலையில் ஆடுகிறவர்கள்

சாம்பியன்ஸ் லீக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது செப்டம்பரில் தொடங்கும் குழுச் சுற்று (2024இல் அது லீக் சுற்றாக மாறிவிட்டது), அந்த இசை, ரியல் மாட்ரிட், பேயர்ன். அதற்கு முன்னாலேயே, பெரிய கிளப் ஆட்டக்காரர்கள் இன்னும் கடற்கரையில் படுத்திருக்கும் நேரத்தில், சிறிய, நடுத்தர லீக்குகளின் சாம்பியன்கள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். சுற்றுச் சுற்றாகக் கழித்துக் கட்டி, கடைசியில் சிலர் மட்டும் உள்ளே நுழைவார்கள். ஒவ்வொரு சுற்றும் இரண்டு லெக். உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. இரண்டின் கோல்களையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவர் மேலே. கூட்டுத்தொகை சமமானால் எதிரியின் மைதானத்தில் அதிக கோல் அடித்தவர் மேலே. இந்த வெளியூர் கோல் விதி 1965இல் வந்தது. 2021இல் யூஃபா அதை எடுத்துவிட்டது. நம் கதை நடக்கும்போது அது முழு அதிகாரத்தில் இருந்தது.

பணம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். அந்த சீசனில் குழுச் சுற்றுக்கு முந்தைய கடைசித் தகுதிச் சுற்றான பிளே-ஆஃபில் கால் வைத்தாலே 2.1 மில்லியன் யூரோ. அதையும் ஜெயித்துக் குழுச் சுற்றுக்குள் போனால் 8.6 மில்லியன். வெற்றிக்கான தொகையும் தொலைக்காட்சிப் பங்கும் அதற்கு மேல். மான்செஸ்டர்காரர்களுக்கு இது ஒரு ஆட்டக்காரரின் விலைகூட இல்லை. வார்சாவிலோ கிளாஸ்கோவிலோ ஒரு சீசனின் வரவு செலவையே மாற்றிப் போடும் தொகை.

லெகியாவுக்குப் பணத்தைவிடப் பெரிய ஏக்கம் ஒன்றும் இருந்தது. 1995–96இல் அவர்கள் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போனவர்கள். அடுத்த வருடம் வீட்செவ் லோட்ஸ் உள்ளே நுழைந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு போலந்து கிளப்கூடக் குழுச் சுற்றை எட்டவில்லை. பதினெட்டு வருடம். ஒவ்வொரு கோடையிலும் ஏதோ ஒரு அணி வாசல்வரை போய்த் திரும்பி வருவதே வழக்கமாகிப் போயிருந்தது.

செல்டிக்கின் நிலைமை வேறு. 1967இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற கிளப், பேருக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கோடையில் வீடு மாறும் களேபரத்தில் இருந்தார்கள். நீல் லெனன் போய், நார்வேக்காரர் ரோனி டெய்லா புதிதாக வந்திருந்தார். சொந்த மைதானமான செல்டிக் பார்க்கும் கையில் இல்லை. கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகளின் தொடக்க விழாவுக்குக் கொடுத்திருந்தார்கள். (வேலூர் சதீஷ் சிவலிங்கம் பளுதூக்கலில் தங்கம் வாங்கினாரே, அதே போட்டிகள்.) அதனால் "சொந்த ஊர்" ஆட்டங்களை எடின்பரோவுக்குப் போய், ரக்பி மைதானமான மர்ரேஃபீல்டில் ஆடினார்கள். லெகியாவின் பயிற்சியாளர் ஹென்னிங் பெர்க்கும் நார்வேக்காரர்தான் என்பது ஒரு வேடிக்கை.

இரண்டாம் தகுதிச் சுற்றில் செல்டிக் ஐஸ்லாந்தின் கே.ஆர். ரெய்க்யாவிக்கை 1–0, 4–0 என்று தாண்டியது. லெகியா அயர்லாந்தின் செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெடிக்கோடு வார்சாவில் 1–1 என்று தடுமாறி, டப்ளினில் 5–0 அடித்துச் சரிசெய்துகொண்டது. இந்த டப்ளின் மோதலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்காக அல்ல, அதற்கு முன் கொடுத்த பட்டியலுக்காக.

வார்சா, ஜூலை 30

முதல் லெக். எட்டாவது நிமிடத்தில் கோல் அடித்தது செல்டிக். அடித்தவர் கேலம் மெக்ரெகர், 21 வயசு. முந்தைய சீசன் முழுக்க இங்கிலாந்தின் நாட்ஸ் கவுன்டிக்குக் கடனாகப் போயிருந்தவர். இரண்டு வாரம் முன்புதான் ஐஸ்லாந்தில் செல்டிக்குக்கு முதல் ஆட்டம் ஆடி, அங்கும் வெற்றி கோல் அடித்திருந்தார்.

அந்த முன்னிலை இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் மிரோஸ்லாவ் ராடோவிச் சமன் செய்தார். 36இல் அவரே இன்னொன்று. இடைவேளைக்குச் சற்று முன் செல்டிக் தடுப்பாட்டக்காரர் எஃபே ஆம்ப்ரோஸுக்குச் சிவப்பு அட்டை. அதன் பிறகு நடந்தது பத்துப் பேரை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும் முயற்சி. 84இல் மிஹாவ் ஷிரோ, 90 தாண்டிச் சேர்த்த நேரத்தில் யாகுப் கொசெட்ஸ்கி. 4–1. மெக்ரெகர் அடித்த கோல் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மூழ்கிய கப்பலில் மிதந்த ஒரு பலகை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லெகியாவுக்கு அந்த இரவில் இரண்டு பெனால்டி கிடைத்தன. இரண்டையும் எடுத்தவர் இவித்சா வெர்தோல்யாக். இரண்டுமே கோலாகவில்லை.

4–1 ஜெயித்த அணியின் ரசிகன் இதற்காகத் தலையில் அடித்துக்கொள்வானா? மாட்டான். "விடுப்பா, ஆறாகியிருக்கும், நாலோடு போச்சு" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். பத்து நாள் கழித்து அதே ரசிகனுக்குத் தூக்கம் போனது இந்த இரண்டு பெனால்டிகளால்தான். அது எப்படி என்று பின்னால் வருகிறேன்.

பதிவேட்டில் பேர் இல்லாதவனுக்கு ஏது விடுப்பு?

இப்போது பார்ட்டோஷ் பெரெஷின்ஸ்கி. வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், வயசு 22. லெக் போஸ்னானிலிருந்து நேரே பரம எதிரியான லெகியாவுக்கு வந்தவர். 2013 டிசம்பரில், சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் குழுச் சுற்றின் கடைசி ஆட்டம், சைப்ரஸின் அப்போல்லோன் லிமசோலோடு. முந்தைய ஐந்து ஆட்டத்திலும் தோற்றிருந்த லெகியா ஏற்கெனவே வெளியே. அந்த ஒன்றில் மட்டும் ஜெயித்தார்கள். யாருக்கும் எதற்கும் உதவாத அந்த ஆட்டத்தில் பெரெஷின்ஸ்கி சிவப்பு அட்டை வாங்கினார். யூஃபா மூன்று ஆட்டத் தடை விதித்தது.

யூஃபா தடை யூஃபா ஆட்டங்களில்தான் கழியும். குளிர்காலம் போய், வசந்தம் போய், அடுத்த ஜூலை வரை தடை அப்படியே நின்றது. 2014 ஜூலையில் அவர் டப்ளின்காரர்களோடு நடந்த இரண்டு ஆட்டத்திலும் உட்கார்ந்தார். வார்சாவில் செல்டிக்கோடு நடந்த முதல் லெக்கிலும் உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்தது. மர்ரேஃபீல்டில் ஆடலாம். லெகியா இப்படித்தான் எண்ணியது.

எண்ணிக்கை சரி. ஆனால் யூஃபா எண்ணும் முறை வேறு. தகுதிச் சுற்று ஒவ்வொன்றுக்கும் முன் கிளப் தன் ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவருக்குத்தான் தடை கழியும். பட்டியலிலேயே இல்லாதவர் ஆட முடியாதவர். ஆட முடியாதவரை எப்படி ஆட விடாமல் தடுப்பது? டப்ளின் மோதலுக்கு முன் கொடுத்த பட்டியலில் லெகியா பெரெஷின்ஸ்கியின் பெயரை எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பது யாருக்கும் புரியும். பட்டியலில் இடம் எண்ணி வைத்தது. ஆடவே போகாத ஒருவனுக்கு ஒரு இடத்தை எதற்கு வீணாக்குவது? வீட்டில் கல்யாணத்துக்கு இலை எண்ணும்போது வர முடியாது என்று சொன்னவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம் இல்லையா, அந்த மாதிரியான யோசனை. நியாயமான யோசனைதான். ஆனால் தடை என்பது விடுப்பு மாதிரி: வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவனுக்குத்தான் விடுப்பு எழுத முடியும்.

மூன்றாம் சுற்றுக்கான பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் வார்சா ஆட்டம் ஒன்று மட்டும் கணக்கில் ஏறியது. கழிந்தது ஒன்று, பாக்கி இரண்டு. டப்ளின் பட்டியலில் ஒரே ஒரு பெயரைக் கூடுதலாகத் தட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மர்ரேஃபீல்டில் 36ஆம் நிமிடத்தில் ஷிரோ ஒன்று, 61இல் மிஹாவ் குஹார்ச்சிக் ஒன்று. மொத்தத்தில் 6–1. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடம் இருக்கும்போது பெர்க் ஒரு மாற்றம் செய்தார். எதையும் காப்பாற்ற அல்ல. எட்டு மாதமாக ஐரோப்பிய ஆட்டம் ஆடாத ஒரு பையனுக்குக் கால் பழகட்டும் என்பதுபோல ஒரு மாற்றம். பெரெஷின்ஸ்கி உள்ளே வந்தார், கொஞ்ச நேரம் ஓடினார், விசில் ஊதியது. அவர் வந்ததால் ஆட்டத்தில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

மூன்று கோல்

மறுநாளே யூஃபா விசாரணை தொடங்கியது. செல்டிக் புகார் கொடுத்து இழுத்துவிட்டது என்று அப்போது பலர் பேசினார்கள். தடையில் இருப்பவர் ஆடினால் எதிரணி புகார் கொடுக்கத் தேவையே இல்லை. பதிவு சம்பந்தமான மற்றக் குளறுபடிகளுக்குத்தான் எதிரணி எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தடை விதித்தது யூஃபா, அதை மீறினால் பார்த்துக்கொள்வதும் யூஃபா.

ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. அன்றுதான் சுவிட்சர்லாந்தின் நியானில் பிளே-ஆஃப் சுற்றுக்கான குலுக்கல். அதற்கு முன் ஒழுங்குக் குழு தீர்ப்பைச் சொல்லிவிட்டது: மர்ரேஃபீல்ட் ஆட்டத்தை லெகியா பறிகொடுத்ததாகக் கணக்கு, செல்டிக் 3–0. விதிப்புத்தகத்தில் பறிகொடுத்த ஆட்டத்துக்கு எழுதியிருக்கும் கணக்கு அதுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். லெகியா 4+0. செல்டிக் 1+3. நாலுக்கு நாலு. சமம் என்றால் வெளியூர் கோல். லெகியா மர்ரேஃபீல்டில் அடித்த இரண்டும் அழிந்துவிட்டன, அவர்களுக்கு வெளியூரில் பூஜ்யம். செல்டிக்குக்கு வெளியூரில் ஒன்று: எட்டாவது நிமிடம், கேலம் மெக்ரெகர். மூழ்கிய கப்பலின் அந்தப் பலகை கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வழக்கில் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இந்தக் கூட்டல்தான். தண்டனை எப்போதும் மூன்று கோல். ஆனால் அந்த மூன்றின் எடை முதல் லெக் என்ன ஆயிற்று என்பதைப் பொறுத்து மாறுகிறது. வார்சாவில் மெக்ரெகர் கோல் அடிக்காமல் 4–0 என்று முடிந்திருந்தால்? தண்டனைக்குப் பிறகும் லெகியா 4–3, லெகியா மேலே. வெர்தோல்யாக் இரண்டு பெனால்டியில் ஒன்றை மட்டும் உள்ளே போட்டு 5–1 ஆகியிருந்தால்? லெகியா 5–4, லெகியா மேலே. அதே தவறு, அதே ஆள், அதே கடைசி நிமிடங்கள், அதே தீர்ப்பு. ஆனால் லெகியா பிளே-ஆஃபில். செய்தித்தாளில் நாலு வரிச் செய்தியாக வந்து மறைந்திருக்கும்: "போலந்து அணிக்கு 3–0 தண்டனை, ஆனாலும் முன்னேற்றம்."

90 தாண்டிச் சேர்த்த நேரத்தில் கொசெட்ஸ்கி அடித்த நாலாவது கோல் இல்லாமல் 3–1 என்று முடிந்திருந்தால் வெளியூர் கோலுக்கே அவசியமின்றி செல்டிக் 4–3. அதாவது ஒரு கோல் குறைந்தாலும் அவுட், ஒரு கோல் கூடினால் தப்பித்தார்கள். சரியாக அந்த 4–1 என்ற எண்ணில் வந்து நின்றால்தான் எட்டாவது நிமிடக் கோல் நடுவராக மாறும். அங்கேயே வந்து நின்றார்கள்.

லீக் ஆட்டத்தில் இப்படி ஆகாது. அங்கே மூன்று புள்ளி போகும், அடுத்த வாரம் வேறு ஆட்டம், 30 ஆட்டத்தில் அது கரைந்துவிடும். இரண்டு லெக் மோதலில் கரைவதற்கு இடமில்லை. இருப்பது 180 நிமிடம். அதில் 90 நிமிடத்தை அழித்து 3–0 என்று எழுதினால் மீதி 90 நிமிடத்தின் ஒவ்வொரு கோலும், ஒவ்வொரு தவறிய பெனால்டியும் திடீரென்று பூதாகரமாகிவிடும். (வெளியூர் கோல் விதி போய்விட்ட இன்றைய நிலையில் இதே 4–4 வந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. எழுதிப் போட்ட 3–0க்குக் கூடுதல் நேரம் எப்படிக் கொடுப்பது?)

யார் பக்கம் நியாயம்

லெகியாவின் வாதம் எளிது. பெரெஷின்ஸ்கி உண்மையிலேயே மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். ஏமாற்றும் எண்ணம் இல்லை. அவர் வந்தபோது மோதல் முடிந்துபோயிருந்தது. ஒரு எழுத்தர் பிழைக்கு 6–1 வெற்றியைப் பிடுங்குவது பொருத்தமான தண்டனையா?

இதில் முதல் மூன்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் யூஃபா வேறு எதையும் செய்திருக்க முடியும் என்று தோன்றவில்லை. சில நிமிடம் என்பதால் மன்னிக்கலாம் என்றால் இருபது நிமிடத்தை என்ன செய்வது? 6–1 என்பதால் மன்னிக்கலாம் என்றால் 3–1க்கு? எங்கே கோடு கிழிப்பது? தடையில் இருப்பவன் ஆடினால் ஆட்டம் போச்சு என்ற விதி முரட்டுத்தனமானது. ஆனால் அது எல்லாக் கிளப்புக்கும் ஒரே முரட்டுத்தனம். பட்டியல் விதியும் யாரோ ரகசியமாக வைத்திருந்தது அல்ல. அச்சிட்டுக் கையில் கொடுத்தது. படிக்க வேண்டியது கிளப்பின் வேலை.

எனக்கு இருக்கும் குறை வேறு இடத்தில். பறிகொடுத்த ஆட்டத்துக்கு 3–0 என்ற எண் ஒரு லீக் அட்டவணையை மனதில் வைத்து எழுதியதுபோல இருக்கிறது. எங்கோ ஒரு ஆட்டத்துக்குக் கணக்கு முடிக்க ஒரு எண் வேண்டும், மூன்று என்று வைத்தார்கள். இரண்டு லெக்கில் அந்த எண்ணே சில சமயம் ஒன்றுமில்லாத அடியாகவும், சில சமயம் மரண அடியாகவும் ஆகிவிடுகிறது. முதல் லெக்கில் 5–1 ஜெயித்தவன் வேண்டுமென்றே தடையாளனை இறக்கினாலும் தப்பித்துவிடுவான். 4–1 ஜெயித்தவன் தெரியாமல் இறக்கினாலும் செத்தான். குற்றத்தின் அளவை விட்டுவிட்டு முந்தைய வாரத்து ஸ்கோரைப் பார்த்துத் தண்டனை கொடுப்பதுபோல இருக்கிறது இது.

வார்சாவில் வேறு மாதிரி எதிர்வினை. கிளப்பின் இணை உரிமையாளர் தாரியுஷ் மியோடுஸ்கி செல்டிக்குக்குத் திறந்த கடிதம் எழுதினார். விளையாட்டு உணர்வைச் சொல்லி, மைதானத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம் வாருங்கள் என்று கேட்டார். சமூக வலைத்தளங்களில் "கால்பந்து ஜெயிக்கட்டும்" என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் ஓடியது. செல்டிக் அசையவில்லை, அது யூஃபாவின் விவகாரம் என்றார்கள். செல்டிக்கைத் திட்டியவர்கள் நிறைய. எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. அவர்களாகவே விலகுகிறோம் என்று சொல்லியிருந்தாலும் அந்த இடத்தை லெகியாவுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. 6–1 தோற்றவன் நெளிந்துகொண்டே உள்ளே போவது பார்க்க நன்றாக இருக்காதுதான். நெளிவது குற்றமாகாது.

மேல்முறையீட்டிலும் லெகியாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யூஃபா மேல்முறையீட்டுக் குழு தள்ளியது. லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்டார்கள். ஆகஸ்ட் 18 அன்று அதுவும் நிராகரிப்பு. வழக்கின் இறுதித் தீர்ப்பு 2015இல் வந்தது, அங்கும் தோல்வி. அதற்குள் சீசனே முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது.

செல்டிக் இப்படி நுழைவது முதல் தடவையும் இல்லை. 2011இல் யூரோப்பா லீக் பிளே-ஆஃப். சுவிட்சர்லாந்தின் சியோன் அணி கிளாஸ்கோவில் 0–0, தன் ஊரில் 3–1 என்று செல்டிக்கைத் தோற்கடித்தது. சியோன் மீது புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை இருந்தது. 2008இல் எகிப்து கோல்கீப்பர் எஸ்ஸாம் எல் ஹதாரியைக் கொண்டுவந்த விவகாரத்தின் தண்டனை. தடையை மதிக்காமல் சேர்த்த ஆட்களை இறக்கினார்கள். செல்டிக் அப்போது முறையாக ஆட்சேபம் தெரிவித்தது. யூஃபா இரண்டு லெக்கையுமே 3–0 என்று செல்டிக்குக்கு எழுதியது. அதில் எனக்கு சியோன் மீது துளிக்கூட இரக்கம் வந்ததில்லை. தெரிந்தே செய்தார்கள். இரண்டு லெக்கிலும் செய்ததால் கணக்கும் சுத்தம், 6–0. முதல் லெக் எப்படிப் போனது என்ற சூதாட்டமே அங்கே இல்லை. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லெகியாவின் வழக்கு எவ்வளவு விசித்திரமானது என்று தெரிகிறது.

மரிபோர்

குலுக்கலில் செல்டிக்குக்கு வந்தது ஸ்லோவேனியாவின் மரிபோர். ஆகஸ்ட் 20 அன்று அங்கே முதல் லெக். ஆறாவது நிமிடத்தில் யார் கோல் அடித்தார் என்று நினைக்கிறீர்கள்? மெக்ரெகர்தான். அந்தக் கோடையில் மூன்று தகுதிச் சுற்று, மூன்று வெளியூர் ஆட்டம், மூன்றிலும் கோல். மரிபோருக்கு டமியன் போஹார் சமன் செய்ய, 1–1. கையில் வெளியூர் கோல் ஒன்று. காமன்வெல்த் போட்டிகள் முடிந்து செல்டிக் பார்க்கும் திரும்பக் கிடைத்துவிட்டது. 0–0 ஆனால்கூட உள்ளே.

ஆகஸ்ட் 26, செல்டிக் பார்க். 75ஆவது நிமிடத்தில் மரிபோர் தலைவர் மார்கோஸ் டவாரெஸ் அடித்தார். 0–1. செல்டிக் இரண்டாம் தடவையாக அதே மாதத்தில் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறியது. இந்தத் தடவை காப்பாற்ற எந்தப் பட்டியலும் இல்லை. பிளே-ஆஃபுக்கான 2.1 மில்லியன் மட்டும் கையில் நின்றது. மரிபோர் போய் செல்சியோடும் ஷால்கேயோடும் ஆடியது.

லெகியா யூரோப்பா லீக் பிளே-ஆஃபுக்கு இறக்கப்பட்டு, கஜகஸ்தானின் அக்டோபேயை 1–0, 2–0 என்று தாண்டியது. அந்த மோதலின் வார்சா ஆட்டத்தில் ரசிகர்கள் யூஃபாவைப் பன்றியாக வரைந்த ராட்சதத் துணியை விரித்தார்கள்.  பிறகு குழுவில் முதலிடம். நல்ல அணிதான், அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

உள்ளே நுழைய இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. 2016 ஆகஸ்டில் அயர்லாந்தின் டன்டாக்கை டப்ளினில் 2–0 ஜெயித்து, வார்சாவில் 1–1. இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு போலந்து கிளப் குழுச் சுற்றில். முதல் ஆட்டம் செப்டம்பர் 14, சொந்த மைதானத்தில், போருஸியா டார்ட்மண்டோடு. 0–6. அன்றைக்கு கேலரியில் நடந்த கலாட்டாவுக்கு யூஃபா தண்டனை கொடுத்தது: சொந்த மைதானத்தில் அடுத்த ஐரோப்பிய ஆட்டத்துக்குப் பார்வையாளர் யாருக்கும் அனுமதியில்லை. அந்த அடுத்த ஆட்டம் நவம்பர் 2 அன்று, ரியல் மாட்ரிடோடு. ராடோவிச் அதிலும் ஒரு கோல் அடித்தார். 3–3. காலி நாற்காலிகளுக்கு முன்னால்.